வலச்சக்கரத்தாரின் முறிந்த கால்

அலைகடலில் துயில்கொள்ளும் பெருமான் திருவடி போற்றி. அவன் திருமார்பில் உறையும் தாயார் திருவடி போற்றி. ஆடித் திங்கள், பூரம் கூடிய நன்னாளாகிய இன்று, தேர் நிலை சேர்ந்து ஊர் ஓசை அடங்கிய பின் இதை எழுத அமர்ந்தேன்.

ஓடுகின்ற தேரை நிறுத்த வல்லவர் இவ்வுலகில் இருவரே. ஒருவர், அதன்மேல் வீற்றிருக்கும் பெருமாள். மற்றவர், அதன்கீழ் நின்ற வலச்சக்கரத்தார். இருவருள் யார் பெரியவர் என்று கேட்டால் வலச்சக்கரத்தார் சற்றே தயங்குவார். அந்தத் தயக்கமும் பெருமாள் மேல் வைத்த மரியாதையால்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரின் வலது முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது அவர் பொறுப்பு. ஊரே வடம் பிடித்து இழுக்க, மலைபோல் உருண்டு வரும் தேரை, சக்கரத்தடியில் மரக்கட்டையைச் செருகித் திருப்ப வேண்டும், நிறுத்தவும் வேண்டும். செருகிய கணமே விலகவும் வேண்டும். விலகாதவர் மறு ஆண்டுத் தேரைக் காண மாட்டார். இவர் ஆண்டுதோறும் விலகினார். இவருடைய இயற்பெயர் இவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். கணவர் பெயர் என்பதால் அந்த அம்மாளும் சொன்னதில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு கோடையில், கிணற்றடிப் பாசியில் வழுக்கி என் இடது கால் முறிந்தது. இராஜபாளையத்தில் எலும்பு மருத்துவர் ஒருவரின் சிறிய மருத்துவமனையில் மாவுக்கட்டோடு என்னைக் கிடத்தினார்கள். அடுத்த கட்டிலில், வலது காலில் அதே மாவுக்கட்டோடு வலச்சக்கரத்தார் கிடந்தார்.

“சாமிக்கு எந்தச் சக்கரம் போச்சு?” என்பதே அவருடைய முதற்கேள்வி.

“இடது” என்றேன்.

“முன்னதா, பின்னதா?”

“மனுஷனுக்குப் பின்சக்கரம் ஏது ஓய்?”

“தவழும்போது நாலுலதான சாமி உருண்டீரு? முன்னது கையி, பின்னது காலு. அப்ப உமக்குப் போனது எடது பின்சக்கரம். கவலப்படாதீரும், அது இழுத்த இழுப்புக்கு வந்துரும்.”

“அப்படியானால் உமக்குப் போனதும் பின்சக்கரம்தானே?”

“நான் தவழவே இல்ல சாமி. நேரா எந்திரிச்சு நடந்துட்டேன்னு எங்காத்தா சொல்லுவா.”

அவர் கால் முறிந்த வரலாறு, கேட்க வருகிறவரின் தகுதிக்கேற்ப வளரும். வன்னியம்பட்டி உறவினரிடம் அது மோட்டார் சைக்கிளாக இருந்தது. மில் தொழிலாளர்களிடம் பஞ்சு லாரியாகப் பெருத்தது. ஒரு மாலை, டிரைவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றும் அந்த லாரி நிற்காத விதத்தை அவர் உருக்கமாக விவரித்துக்கொண்டிருந்தார். அப்போது மெலிந்த ஒருவர் மாம்பழப் பையோடு அறைவாசலில் நின்று கும்பிட்டார்.

“அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. மார்க்கெட்டு எறக்கத்துல சைக்கிளு எங்கையில நிக்கல. பழக்கூட வேற கனமா இருந்துச்சு.”

கதை கேட்டுக்கொண்டிருந்த மில்காரர் நிதானமாகத் திரும்பி, “லாரிய எங்க நிப்பாட்டியிருக்கீரு?” என்று மாம்பழக்காரரை விசாரித்தார்.

“நல்லாக் கேளுங்க” என்றார் கட்டிலருகே இருந்த அவர் மனைவி. “தேருக்குத் தப்புனவிய மாம்பழத்துல மாட்டிக்கிட்டாக.”

“சைக்கிளுக்குக் கட்ட போட ஆளு கெடையாது, அதான்” என்று முணுமுணுத்தவாறு, வலச்சக்கரத்தார் பையிலிருந்து நல்ல பழமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகே எங்கள் மெய்யான சோதனை தொடங்கிற்று. கால் இருந்தது, நடை இல்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நான் ஊன்றுகோலோடு அடியெடுத்து வைப்பேன். அவர் தம் கோலை ஊன்றிப் பின்னால் வந்து முழங்குவார்.

“வடத்தத் தளத்தாதீரும்! எடதத் தூக்கும்! செத்த வலப்பக்கம்!”

சரிவான இடம் வந்தால், என் காலுக்கு முன்னே ஒரு மரமுக்காலியைத் தம் கோலால் தள்ளிவிடுவார். நான் நின்றுவிடுவேன், நிற்காமல் என்ன செய்வது?

“அய்யா, இது ஆஸ்பத்திரி. ஒங்க ரதவீதி இல்ல” என்று செவிலிப் பெண் கண்டிப்பார். “அவிய விழுந்தா டாக்டருக்கு யாரு பதில் சொல்றது?”

“விழமாட்டாரும்மா. கட்ட போடுறது யாருன்னு நெனச்ச?”

வாய்ப்பழக்கத்தால் நான் பாசுரம் முணுமுணுத்தபடி நடப்பேன். சீருக்கு ஓர் அடி என்று கால் தானே பழகிவிட்டது. வலி மிகுந்து வாய் நின்றால், பின்னாலிருந்து அதட்டல் வரும்: “ஏன் பாட்டு நிக்கி? பாட்டு நின்னா தேரும் நிக்கும்லா?” ஓர் எழுத்தும் கல்லாத அவர், என் சீரைப் பிடித்துக்கொண்டே தாமும் நடந்தார். யாப்புக்கு இப்படியொரு பயன் உண்டென்று எந்த உரையாசிரியரும் எழுதிவைக்கவில்லை.

இத்தனை சிரிப்புக்கும் அடியில் எங்கள் இருவருக்கும் ஒரே ஏக்கம். ஆடிப்பூரத் தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. தேருக்கு முன்னே பாசுரம் ஓதிச் செல்லும் வரிசையில் எனக்கு இடமுண்டு. சக்கரத்தடியில் அவருக்கு இடமுண்டு. மெல்ல நடக்கலாம் என்று மருத்துவர் எனக்கு இசைவு தந்தார். வலச்சக்கரத்தார் பக்கம் திரும்பி, “குனிஞ்சு ஓடுற வேலை ஒங்களுக்கு வேண்டாம் பெரியவரே. இந்த வருஷம் மட்டுமில்ல, இனி எப்பவுமே” என்றார்.

அன்று அவர் உணவைத் தொடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் திசையில் இருந்த சன்னலையே பார்த்துக் கிடந்தார்.

“சாமி, நீரு பாடலேன்னா பக்கத்துல நிக்கவரு பாடுவாரு. எஞ்சக்கரத்துக்கு யாரு இருக்கா?”

“உம்ம மச்சினர் போடுவார்னு சொன்னாங்களே?”

“அவனா? அவன் கட்ட போட்டா, தேரு பிளவக்கல் அணைக்குப் போயி முங்கிக் குளிச்சிட்டுத்தான் நிக்கும்.”

தேரன்று என் தம்பி ஒரு வாடகைக் காரில் எங்களிருவரையும் அழைத்துப்போய், தேர் திரும்பும் வீதிமுனையில் இறக்கிவிட்டான். அங்கே பாசுர வரிசையோடு சேர்ந்துகொள்வதாக என் எண்ணம். வரிசை வந்தது, என்னைக் கடந்து போயிற்று. நான் சேரவில்லை. வலச்சக்கரத்தார் என் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தார்.

தேர் அசைந்து வந்தது. வலது சக்கரத்தருகே அவருடைய மைத்துனர் கட்டையோடு குனிந்தார். இவர் உதடுகள் துடித்தன.

“இப்பப் போடாதல... போடாத... செத்தப் பொறு... போடுல!”

அந்தப் பேரிரைச்சலில் அது யார் காதிலும் விழுந்திராது. ஆயினும் அதே கணத்தில் கட்டை விழுந்தது. சக்கரம் முனகிற்று, தேர் திரும்பிற்று. ‘கோவிந்தா’ என்று வீதியே அதிர்ந்தது.

“நல்லாத்தான் போடுதான்” என்றார். பிறகு, திருவிழாக் கூட்டத்தில் கைவிடப்பட்டவர் போல, “நான் இல்லாமலே திரும்பிருச்சே சாமி” என்றார்.

அதற்குள் தேரின் முகப்பு மெல்ல எங்கள் பக்கம் வந்தது. மாலைகளுக்கு நடுவே, பெருமாளோடு தாயார். வலச்சக்கரத்தார் நிமிர்ந்து பார்த்தார். பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டுக் கும்பிட்டார்.

“சன்னதியில பாத்திருக்கேன். தேரு மேல இப்பிடி ஒக்காந்திருக்கிறத இன்னைக்குத்தான் சாமி பாக்கேன். எம்புட்டு வருசம் கூடவே வந்திருக்கேன்!”

சக்கரம் காப்பவர் தலைநிமிரலாகாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. வீதிதோறும் தாயாரைத் திருப்பி எல்லாருக்கும் காட்டியவர், தாம் மட்டும் மரச்சக்கரத்தையே தரிசித்துவந்திருக்கிறார்.

அதன்பின் ஆண்டுதோறும் தேரன்று அந்த முனையில் என்னருகே வந்து நின்றார். மைத்துனரைத் திட்டுவார், முகப்பு திரும்பியதும் அடங்கிவிடுவார். அவர் உடல் நீத்துத் திருநாட்டுக்கு எழுந்தருளி வெகுகாலமாயிற்று. இன்றும் அங்கே நின்றேன். கூட்டம் எவ்வளவோ நெருக்கிற்று. என் வலப்பக்கத்தில் ஒருவர் நிற்கும் இடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இதைப் படிக்கும் அனைவரும் தளராத கால்களோடு வாழ்க. குனிந்தே உழைப்பவர்க்கெல்லாம் ஒரு நாளேனும் நிமிர்ந்து காணும் பேற்றைத் தாயார் அருள்க.