லூபோரின் இரண்டு வரிக் கடிதம்

மேலாளர் விலெமின் மேசையில் ராஜினாமாக் கடிதத்தை வைத்துவிட்டு வந்த மறுநாள் காலை, லூபோருக்கு ஆத்திரம் சுத்தமாக இறங்கியிருந்தது. வருத்தம்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சொந்தப் பனித்தளத்திலேயே அவருடைய அணியினர் ஏழுக்கு ஒன்று என்று தோற்றிருந்தார்கள். ரசிகர்கள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பாதி ஆட்டத்தில் பீர் குடிக்க எழுந்து போய்விட்டார்கள். அந்த அவமானத்தில் இரண்டே வரி எழுதி, உறையை ஒட்டிவிட்டார். இருபத்திரண்டு வருடமாக ஐஸ் ஹாக்கி பயிற்சியாளர். ஐம்பத்தெட்டு வயதில் இனி எந்த அணி கூப்பிடும்?

"போய் எடுத்துட்டு வா. பிளாஜெனாகிட்ட ஆபீஸ் சாவி இருக்கும்ல?" என்றாள் மனைவி ஹெட்விகா.

அலுவலகச் செயலாளர் பிளாஜெனா, லாபே நதிக்கு அந்தப் பக்கம் காளான் பறிக்கப் போயிருந்தாள். ஞாயிறு வரை போனை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை விலெம் அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டான். கடிதத்தைப் படித்துவிட்டான் என்று லூபோர் புரிந்துகொண்டார்.

"வெள்ளிக்கிழமை எடுத்த முடிவு... ஏதோ ஒரு வேகத்துல எடுத்தது, விலெம்."

"இல்ல லூபோர், நல்லா யோசிச்சு எடுத்ததுதான். எல்லாருக்கும் அதான் நல்லது."

தன் முடிவை ஒருவன் இவ்வளவு தாராளமாகப் பாராட்டுவான் என்று அவர் நினைக்கவே இல்லை.

அடுத்து கேப்டன் ரதோவனைத் தனியாக அழைத்தார். பையன்கள் வாயால் ஒரு வார்த்தை வந்தால் தன் மனசு மாறக்கூடும் என்று சுற்றி வளைத்துச் சொன்னார். ரதோவன் கண்கலங்கிப் போனான். மத்தியானத்துக்குள் அணி முழுவதும் கையெழுத்துப் போட்ட தாளோடு வந்தான். போகாதீர்கள் என்ற மனுவாக்கும் என்று ஆசையாக வாங்கினார். பிரித்துப் பார்த்தால் பிரிவு வாழ்த்து. ஏழு கோல் விட்ட கோல்கீப்பர் மட்டும், மன்னித்துவிடும்படி ஓரத்தில் எழுதியிருந்தான்.

புதன்கிழமை கேக் வாங்கி வைத்துவிட்டார்கள். எல்லார் முன்னாலும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுவது என்று லூபோர் எழுந்தார்.

"இந்த அணியை விட்டு என்னால..."

முடிப்பதற்குள் எல்லாரும் எழுந்து கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. விலெம்தான் அவர் கையில் கத்தியைக் கொடுத்து கேக்கை வெட்ட வைத்தான்.

பிறகு தன் அறைக்கு வந்து, ஆட்டத் திட்டங்கள் வரைந்த நோட்டுகளைப் பெட்டியில் அடுக்கினார். ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம். யாரும் போகச் சொல்லவில்லையே. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை நினைத்து, நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிளாஜெனா ஒட்டிய உறை ஒன்றைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"விலெம் மேசைக்கு அடியில விழுந்து கிடந்துச்சு கோச், யாரும் பிரிக்கல, உங்க கையெழுத்துதான்; வெள்ளிக்கிழமை மத்தியானமே உங்க இடத்துக்குப் பேசி முடிச்சாங்களே, அந்தப் புது கோச்சுக்கு எழுதுனதா?"