மருந்துப் பலகைக்கு இரண்டு பிராக்கெட்

எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் மருந்துப் பலகை ஒருநாள் சுவரை விட்டுக் கழன்றது. நர்ஸ் ஞானமேரி, அதைத் தாங்க இரண்டு இரும்பு பிராக்கெட் வேண்டுமென்று அரூர் அலுவலகத்துக்கு முறைப்படி எழுதினார். அதுவரை மருந்துக்கு வருகிறவர்களே முறைவைத்துப் பலகையைத் தோளில் தாங்கினார்கள். காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

எல்லாக் கோப்பும் தமிழில் இருக்கவேண்டும் என்று அலுவலகங்கள் துடித்த காலம் அது. "பிராக்கெட் என்னும் அயற்சொல்லின் பொருளும் தோற்றமும் தெரியவரும் வரை கோரிக்கை நிலுவையில் வைக்கப்படுகிறது" என்று பதில் வந்தது. ஞானமேரி பஸ் ஏறி நேரில் போனார்.

கண்காணிப்பாளர் தீர்த்தகிரி அதற்குள் ஒரு பேராசிரியரிடம் விளக்கம் வாங்கி வைத்திருந்தார். பழங்காலத்துப் பிரெஞ்சு ஆண்கள் கால்சட்டையின் முன்பக்கம் புடைப்பாக வைத்துத் தைத்த மூடியின் பெயரிலிருந்து இந்தச் சொல் வந்திருக்கலாமாம். கட்டடத்தில் துருத்தி நிற்கும் தாங்கிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம்.

தீர்த்தகிரி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு பெண் ஊழியர் இதை எழுத்துமூலமா கேட்டிருக்கீங்க. அதுவும் ரெண்டு."

"எனக்கு அந்தப் பேரே வேணாங்க சார். இரும்பு மட்டும் குடுங்க."

"பேரில்லாத பொருளை எந்தத் தலைப்புல வாங்கறதும்மா?"

"அப்ப பலகைய யாருங்க புடிக்கிறது?"

"இப்ப யாரு புடிக்கிறாங்க?"

"மனுசங்கதானுங்க."

தீர்த்தகிரியின் முகம் மலர்ந்தது. மனிதர்களை நியமிக்க விதி இருந்தது.

அடுத்த மாதமே ஆணை வந்தது: 'பலகை தாங்குநர். தற்காலிகப் பணியிடம் ஒன்று. மேற்படி பொருள் வாங்கப்படும் வரை மட்டும். பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். முன்அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.'

மறுநாள் காலை பலகைக்கு அடியில் ஏழெட்டுப் பட்டதாரிகள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"விடிஞ்சதுலேர்ந்து நீதான நிக்கிற? நவுரு."

"நான் எம்.ஏ.டா. நீ வெறும் பி.காம்."

அந்தத் தள்ளுமுள்ளில் இருமல் மருந்து இரண்டு புட்டி உடைந்தது.

இதைக் கேள்விப்பட்டு, கம்பைநல்லூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மாது என்பவர் மனம் பொறுக்காமல் வந்தார். பையிலிருந்து இரண்டு பிராக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சும்மா வெச்சுக்கோங்க நர்ஸம்மா. எங்கூட்டுப் பசங்களுக்கெல்லாம் ஊசி போட்டவங்க நீங்க. ரெண்டு ஆணி அடிச்சா வேலை முடிஞ்சுது."

பலகைக்கு அடியில் சத்தம் நின்றது. எல்லாரும் ஞானமேரியைப் பார்த்தார்கள். அவர் பிராக்கெட்டைத் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம்.

"அருமையா இருக்குதுங்கண்ணா," என்று அதை மறுபடி பைக்குள் வைத்து நீட்டினார். "உங்க பட்டறையிலயே இருக்கட்டும். எந்தம்பி பி.எஸ்சி. முடிச்சிட்டு சும்மா இருக்கான். வர்ற வெள்ளிக்கிழமை அவனுக்கு இண்டர்வியூ."