ரெம்பியாவுல வேலை செய்யாத ஆசிட்

காலையில துரை கூப்பிட்டு, "கிராணி, மலாக்கா டவுனுக்குப் போயி ஆசிட் ஜாடி ஒண்ணு வாங்கிட்டு வா"ன்னாரு. அவ்வளவுதான் வேலை.

ரப்பர் பால் உறையணும்னா ஆசிட் ஊத்தணும். எங்க ரெம்பியா எஸ்டேட் ஸ்டோர்ல அது தீர்ந்துபோச்சு; அங்க கணக்கு எழுதுற கிராணி நான். மத்தியானம் பால் வந்துரும், அதுக்குள்ள நான் திரும்பியாகணும். பெரிய கிராணி வேலையை விட்டுப் போறாரு. அந்த நாற்காலி எனக்குத்தான்னு துரை பாதி வாக்கு வேற குடுத்திருந்தாரு.

கஞ்சி போட்ட சட்டை மாட்டிக்கிட்டு லாரியில ஏறினேன். இந்த மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்!

ஆசிட் விக்கிற ஏஜண்டு ஆபீஸ்ல ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஐயா. ஜாடியை எடுத்து வச்சாரு. வேற எவனா இருந்தாலும் பேசாம தூக்கிட்டு வந்திருப்பான். நான் ஏழாவது வரைக்கும் இங்கிலீஷ் படிச்ச மேதையாச்சே! லேபிளைப் படிச்சேன்.

'ஒர்க்ஸ்'னு போட்டு, கீழ மான்செஸ்டர், கிளாஸ்கோ, இன்னும் ரெண்டு சீமை ஊரு.

"ஐயா, இது இந்த நாலு ஊர்லதான் வேலை செய்யுமாம். ரெம்பியாவுல செய்யாது. வேற குடுங்க"ன்னேன்.

அவரு கண்ணாடியைக் கழட்டி என்னைப் பார்த்தாரு. "உமக்கென்ன விசரே தம்பி? அது அவையின்ர ஃபேக்டரி இருக்கிற ஊருகள். சாமான் அங்கதான் செய்யிறவை."

எனக்கே இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறாராம்! வெளிய வந்துட்டேன்.

லாரி டிரைவர் சாமிக்கண்ணு, "எடுத்துக்கிட்டுப் போவோம் லா அண்ணே, நேரமாவுது"ன்னான்.

"நீ வண்டி ஓட்டு. படிக்கிறது என் வேலை."

கடை கடையா ஏறினேன். எல்லா ஜாடியிலயும் சீமை ஊரு! கடைசியில ஒரு சீனன் கடையில கிடைச்சுது பாருங்க, பாட்டில்ல கொட்டை எழுத்துல 'மலாக்கா'ன்னு!

"அது அச்சாருக்கு ஊத்துற சுக்கா லா, வெறும் வினிகர்"ன்னான் கடைக்காரன்.

"புளிக்குதுல்ல? ரெம்பியாவும் மலாக்காதானே! பன்னண்டு பாட்டில் குடு!"

வந்து ஊத்தினோம். அந்த நீர்த்த சுக்கா அவ்வளவு பாலுக்கு எங்க பத்தும்? பால் உறையல. ஒரு மணி நேரம் ஆச்சு, உறையல. சாயங்காலம் வரைக்கும் கூழாவே கிடந்து நாறுச்சு. தொழிலாளிங்க குடியிருக்கிற லயமெல்லாம் ஊறுகாய் வாசம். அன்னிக்குப் பால் மொத்தமும் குழிக்குத்தான் போச்சு. விடியக்காலையில எழுந்து மரத்துல பால் வெட்டின சனம் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, எனக்கே கேவலமா இருந்துச்சு.

துரை மூக்கைப் பொத்திக்கிட்டு வந்தாரு. "கிராணி! ஸ்டோர்ல யாரு அச்சார் போட்றது?"

லேபிள், ஒர்க்ஸ், மான்செஸ்டர், எல்லாத்தையும் விளக்கினேன். அப்பவும் எனக்கு சபாஷ் கிடைக்கும்னு ஒரு நப்பாசை!

அவரு திட்டல. மெதுவாத்தான் கேட்டாரு. "கிராணி, உன் மண்டை எந்த ஊர்ல வேலை செய்யும்? சொல்லு, டிக்கெட் வாங்கித் தர்றேன்."

சாமிக்கண்ணு லாரிக்குப் பின்னால போய் நின்னு சிரிச்சான்.

பெரிய கிராணி நாற்காலி பெம்பான் எஸ்டேட்டுக்காரன் ஒருத்தனுக்குப் போச்சு. என்னைப் பால் நிறுக்கிற கொட்டகைக்கு மாத்திட்டாங்க.

அங்க லேபிள் ஒட்டின சாமான் ஒண்ணுமே கிடையாது.