பொருள் தேடு படலம்

மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேடிக் களைத்துப்போன வாழ்க்கையின் பொருளை எங்கள் அலுவலகம் ஒரே மாதத்தில் கண்டுபிடித்தது. அதுவும் அலுவலக நேரத்துக்குள்ளேயே. ஞானிகள் இதற்காகக் காடு, மலை என்று அலைந்தார்கள். வீடு வாசலைத் துறந்தார்கள். நாங்கள் மதிய இடைவேளையைக்கூடத் துறக்கவில்லை.

எங்கள் அலுவலகம் என்றால், நகரப் பேருந்துக் கழகத்தின் ‘தொலைந்த பொருட்கள் பிரிவு’. தலைமை அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு நீளமான அறை. பயணிகள் பேருந்தில் விட்டுவிட்டுப் போகும் சகலமும் மாலையில் எங்களிடம் வந்து சேரும். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், மூக்குக் கண்ணாடிகள், ஒற்றைச் செருப்புகள். ஊன்றுகோல்கள் மட்டும் பதினொன்று இருந்தன. ஊன்றிக்கொண்டு ஏறியவர்கள் ஊன்றாமலே இறங்கிப் போயிருக்கிறார்கள். இதை எங்கள் பேருந்துகளின் வைத்திய மகிமை என்றே நான் கருதிவந்தேன்.

பிரிவில் மூன்று பேர். மேலாளர், தலைமை எழுத்தராகிய நான், அப்புறம் அலமாரி அக்கா. எனக்கு அக்கா முறை இல்லை; அலமாரிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியர். எட்டு வருடமாக எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். எந்தக் குடை எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அவர் தலைக்குள் இருந்ததே தவிர எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நிர்வாக ரீதியில் இது பெரும் குறைபாடு என்று நான் இரண்டு முறை எழுத்துமூலம் சுட்டிக்காட்டியிருந்தேன்.

இப்படி இருக்கையில் மேலாளர் இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னல் இல்லாத சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நாம ஏன் இங்க இருக்கோம்?”

“அஞ்சு மணி வரைக்கும் இருக்கணும் சார்.”

“அது இல்ல. நாம எதுக்காக இருக்கோம்?”

மேலிடத்தில் இப்படிக் கேட்டால் ஆள்குறைப்பு வருகிறது என்று அர்த்தம். அக்கா ஒப்பந்த ஊழியர்தான், அவரைக் குறைத்தால் யாருக்கும் ஓய்வூதியச் சிக்கல் வராது என்று மென்மையாக எடுத்துச் சொன்னேன். மேலாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சுற்றறிக்கை ஒன்றை நீட்டினார்.

கழக ஊழியர் ஒவ்வொருவரும் தத்தம் வாழ்க்கையின் பொருளை இம்மாத இறுதிக்குள் கண்டுபிடித்து, ‘வா.பொ. 1’ படிவத்தில் மூன்று பிரதிகளாகச் சமர்ப்பிக்க வேண்டும். கண்டுபிடிக்கத் தவறுவோர் அதற்கான காரணத்தைத் தனித்தாளில் எழுத வேண்டும். மிகச் சிறந்த பொருளைக் கண்டுபிடிக்கும் ஊழியருக்குக் கேடயமும், காலியாக உள்ள கண்காணிப்பாளர் பதவியும் வழங்கப்படும்.

அதுவரை வாழ்க்கையின் பொருள்மேல் எனக்குப் பெரிய நாட்டம் இருந்ததில்லை. கடைசி வரியைப் படித்ததும் ஆன்மா விழித்துக்கொண்டது.

மறுநாளே ‘பொருள் நிபுணர்’ வந்து இறங்கினார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆனால் முந்நூறு வருடம் வாழ்ந்து அலுத்தவர் மாதிரி மெதுவாகப் பேசினார். விலையுயர்ந்த காலணிகளை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். மேசைகளை ஓரம் தள்ளி எங்களைத் தரையில் வட்டமாக உட்கார வைத்தார். மூன்று பேரைக் கொண்டு வட்டம் போடுவது கடினம், முக்கோணம்தான் வந்தது. அவர் அதைப் பெருந்தன்மையோடு வட்டமாகவே ஏற்றுக்கொண்டார். தரையோடு தரையாக இருந்தால்தான் பொருள் தட்டுப்படும் என்றார்.

“ஆமா சார். போன வாரம் ஒரு மோதிரம் அப்படித்தான் கெடைச்சுது” என்றார் அக்கா.

அன்றிலிருந்து நிகழ்ச்சி நிரல் ஒழுங்காக நடந்தது. காலை பத்திலிருந்து ஒன்று வரை கலந்துரையாடல். இரண்டிலிருந்து நான்கு வரை மௌனம். நான்கிலிருந்து ஐந்து வரை, மௌனத்தில் என்ன நினைத்தோம் என்பது பற்றிக் கலந்துரையாடல். இதற்கிடையே பொதுமக்கள் வந்து குடை, டப்பா என்று அற்ப விஷயங்களைக் கேட்டால் கவனம் சிதறும் அல்லவா. எனவே கவுன்ட்டரின் தகரக் கதவை இழுத்து மூடினோம். மேலாளர் தன் கையாலேயே ஒரு பலகை எழுதி மாட்டினார்: ‘பொருள் தேடும் பணி நடைபெறுகிறது. அமைதி காக்கவும்.’

பலகை மக்களிடம் ஏற்படுத்திய விளைவு மகத்தானது. நம் சாமானைத்தான் இவ்வளவு மும்முரமாகத் தேடுகிறார்கள் என்று நெகிழ்ந்துபோய், சத்தமில்லாமல் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாம் வாரத்தில் சிலர் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண்மணி கதவிடுக்கு வழியாக, அவசரமில்லை, பொறுமையாகத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜனங்களிடமும் ஒரு தேடல் இருக்கிறது என்று மேலாளர் பூரித்தார்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, மௌன நேரத்தில், யாரோ தகரக் கதவைத் தட்டினார்கள். மூன்று நாளாகப் படியில் உட்கார்ந்திருந்த ஏலக்காரர். ஏலம் கூறுவது அவர் தொழில். பேருந்தில் போகும்போது, புதிதாகக் கட்டிய பல் செட் ஈறுகளை அழுத்துகிறதென்று கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். நிறுத்தம் வந்ததும் துள்ளி எழுந்து இறங்கிவிட்டார். பல் பயணத்தைத் தொடர்ந்துவிட்டது. மறுநாள் சனிக்கிழமை, மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் இயந்திரங்களை அவர் ஏலம் விட வேண்டும். இதைத் தவறவிட்டால் அந்த வேலை நிரந்தரமாக வேறொருவர் கைக்குப் போய்விடும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவருக்குச் சொல் போனால் சோறும் போச்சு.

இவ்வளவும் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எங்கள் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். அவருடைய பல்லில்லாத் தமிழை வாசகர் வசதிக்காகப் பல்லுள்ள தமிழில் தருகிறேன்.

“என் பொருள் தொலைஞ்சு போச்சுங்க.”

நிபுணர் சட்டென்று கண் திறந்தார். பொதுமக்களில் ஒருவர் தானாக முன்வந்து இப்படி ஒப்புக்கொள்வது அவர் அனுபவத்தில் இதுவே முதல் முறை. கதவைத் திறக்கச் சொல்லி, ஏலக்காரரை வட்டத்தின் நடுவே உட்கார வைத்தார்.

“எப்போ தொலைச்சீங்க?”

“செவ்வாக்கிழமை.”

நிபுணர் அசந்துபோனார். பெரும்பாலோருக்குத் தொலைத்ததே தெரியாது, இவருக்குக் கிழமையே தெரிகிறது என்று எங்களிடம் கிசுகிசுத்தார்.

“எந்த இடத்துல?”

“பதினாலாம் நம்பர் பஸ்ல. ஜன்னலோர சீட்டு.”

“அதுக்கு முன்னாடி வாழ்க்கை எப்படி இருந்துச்சு?”

“எதையும் நல்லா மென்னு பாத்துட்டுதான் உள்ள விடுவேன்.”

“இப்போ?”

“எல்லாத்தையும் அப்படியே முழுங்குறேன்.”

மேலாளரின் கண்கள் கலங்கின. தானும் இருபது வருடமாக அப்படித்தான் முழுங்கிக்கொண்டிருப்பதாகச் சொல்லி மூக்கைச் சிந்தினார். நிபுணர் ஏலக்காரரின் தோளில் கை வைத்தார்.

“அதை வெளியில தேடாதீங்க. அது உங்களுக்கு உள்ளதான் இருக்கு.”

“உள்ளதாங்க இருந்துச்சு. நான்தான் கழட்டி வெச்சேன்.”

இந்த இடத்தில் அக்கா கண் திறந்தார். கட்டம் போட்ட கைக்குட்டையா என்று கேட்டார். ஏலக்காரர் தலையாட்டினார். அக்கா எழுந்தார்.

“உக்காருங்க. மௌனம் முடிய இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு” என்றார் மேலாளர்.

“அவருக்கு நாளைக்கு வேலை இருக்கு சார்.”

இப்படிச் சொல்லிவிட்டு, அனுமதி பெறாமலேயே, மூன்றாவது தட்டிலிருந்து மூடி போட்ட ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து வந்தார். உள்ளே சுத்தமான தண்ணீரில் பல் செட் சிரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே வந்து தினமும் தண்ணீர் மாற்றியிருக்கிறார். வாழ்க்கையின் பொருளைத் தேடுமாறு பணிக்கப்பட்ட ஒருவர் அலுவலக நேரத்துக்கு வெளியே இப்படிப்பட்ட காரியங்களில் ஈடுபட்டிருக்கிறார் என்பதைக் கவனிக்கவும்.

ஏலக்காரர் பல்லை மாட்டினார். ஒட்டிய கன்னங்கள் எழுந்து நின்றன. சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க, “ஒரு தரம்” என்றார். திருப்தி இல்லை. “ரெண்டு தரம்” என்றார் கொஞ்சம் உரக்க. மூன்றாவது தரத்தில் அடித்தளமே அதிர்ந்தது.

அந்தச் சத்தத்தைக் கவுன்ட்டர் திறந்ததற்கான அறிவிப்பென்று எண்ணி, படியில் இருந்த நாற்பது பேரும் உள்ளே இறங்கிவிட்டார்கள். வட்டத்தைக் கலைத்துக்கொண்டு அவர்கள் நுழைய, அக்கா ஒவ்வொருவரையும் என்ன நிறம், எந்தப் பேருந்து, என்றைக்கு என்று கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுத்தார். ஐந்து மணிக்குள் இரண்டு அலமாரிகள் காலி. படிவம் இல்லை, கையெழுத்து இல்லை, பிரதிகள் இல்லை. கூட்டத்தில் யாரோ ஒருவர் வாசலில் கிடந்த நிபுணரின் காலணிகளைத் தன்னுடையவை என்று மாட்டிக்கொண்டு போய்விட்டார். நிபுணர் அன்றுதான் உண்மையிலேயே வெறுங்காலோடு நடந்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

ஏலக்காரர் மறுநாள் ஏலத்தை முடித்துவிட்டு, கழகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அது எங்கள் பிரிவின் சாதனையாகச் சட்டம் போட்டு என் மேசைக்குப் பின்னால் மாட்டப்பட்டது.

மாத இறுதியில் படிவங்கள் போயின. அக்கா தன் படிவத்தில், ‘கேட்டு வர்றவங்க சாமானை எடுத்துக் குடுக்கறது’ என்று எழுதியிருந்தார். ‘இது வேலை, பொருள் அன்று’ என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. அக்கா அதையே இன்னும் அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினார். நான் எழுதியது இது: ‘இருத்தலின் நிறுத்தத்திலிருந்து இன்மையின் நிறுத்தம் நோக்கி, இடையில் இறங்காமல் பயணித்தல்.’ இதற்கு என்ன அர்த்தம் என்று மேலாளர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன். அப்படியென்றால் ஆழமாகத்தான் இருக்கும் என்று கையெழுத்திட்டார். கேடயமும் பதவியும் எனக்கே கிடைத்தன.

கண்காணிப்பாளராக என் முதல் பணி, அந்த வெள்ளிக்கிழமை பற்றிய அறிக்கை. நான் யாரையும் நீக்கச் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கல் மனசு கிடையாது. மௌனம் கலைக்கப்பட்டது, அறுபத்து மூன்று பொருட்கள் முறைகேடாக உரியவர்களிடம் சேர்க்கப்பட்டன, மேற்படி ஊழியரின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. இந்த மூன்று உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன், அவ்வளவுதான்.

முப்பதாம் தேதி அக்கா சாவிக்கொத்தை என் மேசைமேல் வைத்தார். “நாலாவது தட்டுல ஒரு கண்ணாடி இருக்கு சார். ஒரு டீச்சரம்மா திங்கக்கிழமை வருவாங்க. மறக்காம குடுத்துடுங்க” என்றார். தாராளமாக என்றேன். திங்கட்கிழமை எனக்குப் பாராட்டுக் கூட்டம் இருந்ததால் கவுன்ட்டர் விடுமுறை. டீச்சர் வந்திருக்கிறார். கண்ணாடி இல்லாமல் விடுமுறைப் பலகையைப் படிக்க முடியாமல் மாலைவரை நின்றுவிட்டுப் போனாராம்.

இன்று எங்கள் பிரிவு மாதிரிப் பிரிவு. எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரு பொருள்கூடத் தவறான ஆளிடம் போனதில்லை. சரியான ஆளிடமும் போனதில்லை என்பது வேறு விஷயம்.

போன வாரம் அக்கா வந்திருந்தார். சலுகை எதிர்பார்க்காமல் மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று, விண்ணப்பப் படிவம் வாங்கி, நின்றபடியே நிரப்பி நீட்டினார். நான் முறைப்படி முத்திரை குத்தி, கிடைத்தால் தகவல் வரும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் படியேறிப் போன பிறகுதான் படித்துப் பார்த்தேன். தொலைந்த பொருள்: வேலை. எத்தனை நாள் உபயோகித்தது: எட்டு வருடம். தொலைத்த இடம்: இதே அறை. ‘எடுத்தவர் யாரென்று தெரிந்தால் குறிப்பிடவும்’ என்ற கட்டத்தில் என் பதவியை எழுதியிருந்தார். புதிய பதவியை. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.