டெஸ்ட் டிரைவ் அண்ணாச்சியின் சொந்தக் கார்

துபாயில் அதிகமான எலெக்ட்ரிக் கார்களை ஓட்டியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், ஷேக்குகள் எல்லாரும் இரண்டாம் இடத்துக்குத்தான் அடித்துக்கொள்ள வேண்டும். முதலிடம் எங்கள் கராமா ரூமில், ஜன்னலோரக் கீழ்க்கட்டிலில் படுத்திருந்தது. டெஸ்ட் டிரைவ் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர், ஏசி மெக்கானிக். கம்பெனி கொடுத்த டீசல் வேனைத் தவிர, அவர் பேரில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அதே வெள்ளைச் சட்டையோடு நேராக ஷோரூம். புதுப்புதுச் சீனக் கம்பெனிகள் கடை விரிக்க, பழைய ஜப்பான் கம்பெனிகளும் ‘எங்களிடமும் இருக்கிறது’ என்று முண்டியடித்த நேரம். உள்ளே காலை வைத்தாலே பேரீச்சம்பழமும் காவா என்ற அரபுக் காப்பியும் வரும். பேட்டரிப் பைத்தியமான நான் கேள்வி கேட்பேன். அண்ணாச்சி தாடையைத் தடவி யோசிப்பார். அந்த யோசனைக்கு இன்னொரு காவா. பிறகு, “எதுத்தாப்புல உள்ளவன் அரை மணி நேரம் ஓட்டக் குடுத்தானே” என்று பெருமூச்சு விடுவார். இவன் ஒரு மணி நேரம் கொடுப்பான். அதை எதிர்க்கடையில் போய்ச் சொன்னால் அங்கே அரை நாள். எண்ணெய் விற்கும் நாட்டில் கரண்ட் வண்டிக்காரர்களை இப்படி ஏலம் விட்டவர் அவர் ஒருவர்தான்.

ஒவ்வொரு வண்டியிலும் சாய்ந்து ஒரு போட்டோ. அது உடனே ஊருக்குப் போகும். கல்ஃபுக்கு வந்தவன் அடுத்தவன் காரில் சாய்ந்து போட்டோ எடுப்பது ஒன்றும் புதிதில்லை. அண்ணாச்சி செய்த தப்பு வேறு. “நம்ம வண்டியா?” என்று ஊரிலிருந்த அவர் சம்சாரம் மேரி அக்கா போனில் கேட்டபோது, “ம்” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வெள்ளை, நீலம், சிவப்பு என்று போன எல்லா வண்டிக்கும் அந்த ஒரே ‘ம்’தான்.

திடீரென்று ஒரு நாள் அக்கா விசிட் விசாவில் வருவதாகத் தகவல் வந்தது. அண்ணாச்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை. “பதினெட்டு வருசமா அவகிட்ட நான் சொன்ன ஒரே பொய்டே. ஏர்போர்ட்லயே மூஞ்சி கிழிஞ்சிரும்” என்றார். ஊருக்கெல்லாம் கௌரவம் பார்க்காத மனிதர், அந்த ஒரு மூஞ்சிக்குப் பயந்தார்.

வழக்கம்போல ஏலம் விட்டோம். ஷமீர் என்ற மலையாளி சேல்ஸ்மேன் சிக்கினான். எதிர்க்கடை அரை நாள் என்றதும் இவன் முழு நாளுக்கு ஒத்துக்கொண்டு, வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தான். ஆனால் கம்பெனி விதிப்படி அவனும் கூடவே உட்கார்ந்திருப்பான். பரவாயில்லை, ஆபீஸ் சிநேகிதன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

பிளைட் சாயங்காலம்தான். அதுவரை சும்மா இருந்தாரா மனுஷன்? பில்டிங்கில் உள்ளவனையெல்லாம் ஏற்றி ஆளுக்கொரு ரவுண்டு அடித்தார். பேட்டரி மீட்டரைப் பார்த்து நானும் ஷமீரும் மாறி மாறிக் கெஞ்சினோம். கேட்டால்தானே.

அக்கா வந்தார், பெட்டி ஏறியது. ஏர்போர்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் திரையில் சிவப்பு எழுத்து மின்னியது. பக்கத்தில் இருந்த சார்ஜிங் பாயின்டில் ஒதுக்கினோம். “எவ்வளவு நேரம்?” என்றார் அக்கா. முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றான் ஷமீர். அக்கா அசரவில்லை; பையைத் திறந்து எல்லாருக்கும் மக்ரூன் கொடுத்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

“நான் ஊர் சுத்திப் பாக்க வரல. இருக்கிற வண்டியெல்லாம் வித்துட்டு ஊருக்கு வந்துருங்கன்னு சொல்லத்தான் வந்தேன். ஒத்த ஆளுக்கு எதுக்கு இத்தன வண்டி? எனக்குப் பயமா இருக்கு.”

அண்ணாச்சியின் வாயில் மக்ரூன் அப்படியே நின்றது. “விக்கதுக்கு ஒண்ணும் இல்ல மேரி” என்றார். “இதுவும் இந்தத் தம்பியோடதுதான்.”

“ஒண்ணுகூட வாங்கலியா?”

“ஒரு டயர்கூட வாங்கல.”

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். “மாதாவே” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்கு ஷமீரைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது. அவனோ இரண்டாவது மக்ரூனை எடுத்தான்.

“அண்ணாச்சிய எல்லா ஷோரூம்லயும் தெரியும் சேச்சி. வாங்கமாட்டார்னும் தெரியும். பட்சே, நான் வண்டி கொடுக்காத அன்னிக்குப் பாத்து எதிர்க்கடையில வாங்கிட்டார்னா?”

சார்ஜ் ஏறியதும் கராமாவில் இறக்கி விடுவதாகச் சொன்னான். அக்கா பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டார். “வாங்கப் போறது இல்லல்லா? பெறவு எதுக்கு அந்தப் பையன் கரண்ட வீணாக்கணும்?”

மெட்ரோவில் ஏறினோம். இரண்டாவது ஸ்டேஷனுக்குள் அக்கா அண்ணாச்சியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். எங்கள் ஸ்டேஷன் வந்தது. நான் பெட்டியைத் தூக்கினேன். அண்ணாச்சி தோளை அசைக்காமல், விரலை மட்டும் ஆட்டி என்னை உட்காரச் சொன்னார். நாங்கள் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம்.