புகைப்புரையில் ஒரு நட்சத்திரம்

பெண் பார்க்கப் போகிற வீட்டில் காபி குடிக்கலாம், முந்திரிக்கொத்து தின்னலாம், படித்ததை மட்டும் காட்டக் கூடாது. சிதறால் பக்கம் ஒரு வீட்டில் நான் மூன்றையும் செய்தேன்.

ஜெபம் முடிந்ததும் பெண்ணின் அப்பா (ரப்பர் தோட்டக்காரர், அதிகம் பேசாதவர்) கேட்டார்: "தம்பிக்க ஆராய்ச்சி எதப் பத்தி?"

"நட்சத்திரங்களுக்கு நடுவுல கெடக்க தூசியப் பத்தி மாமா."

"தூசியா?" என்றவர் தன் வேட்டியை ஒருமுறை தட்டிவிட்டுக்கொண்டார். எனக்கோ அவர் மகள் ஜெபாவைப் பார்த்தவுடனே பிடித்துப்போயிருந்தது. தூசியால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயம். அம்மா என் காலை மிதித்தாள். அடங்கினேனா? (அடங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

முற்றத்துக்கு அப்பால் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரை இருந்தது. இருட்டு, புகை, வேறென்ன வேண்டும்? செல்போன் டார்ச்சுடன் ஜெபாவைப் பின்ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினேன். மற்ற எல்லோரையும் புகைப்புரையின் முன்வாசலில் நிறுத்தி, புகை வழியாகப் பார்க்கச் சொன்னேன்.

"அவங்க கையில இருக்கது வெள்ளை லைட்டு. நமக்கு மங்கலா, செவப்பாத் தெரியுதா? நீல வெளிச்சத்தப் புகை நாலாபக்கமும் செதறடிச்சிரும். செவப்பு ஓரளவு தப்பிச்சு வந்திரும். வானத்துலயும் தூசி இதத்தான் செய்யுது. நட்சத்திரத்துக்கு ஒரு கொறையும் இல்ல."

"உள்ளதுதான்," என்று ஒப்புக்கொண்டார் மாமா.

அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் சிவப்பாக்கிக் காட்டுகிறேன் பேர்வழி என்று, மழையில் நனைந்து கிடந்த தேங்காய்த் தொண்டுகளை (மட்டைதான்) அள்ளி உள்ளே எரிந்த தீயில் போட்டேன். சிவப்பு வரவில்லை, புகைதான் குபுகுபுவென்று வந்தது. நட்சத்திரம் அவுட். எங்களோடு வந்த என் பெரியம்மாவின் பட்டுச்சேலையும் மாமாவின் வெள்ளை வேட்டியும் ஒரே நிறமாயின. மாமா இருமிக்கொண்டே அலறினார்: "ஏட்டி ஜெபா, எங்கட்டி போன?"

அந்தப் பக்கமிருந்து நிதானமாகக் குரல் வந்தது. "இங்கனதான் நிக்கேன் அப்பா. டார்ச்சும் எரியுது. நடுவுல புகைதான் கூடுதல்."

நான் பக்கம் பக்கமாக எழுதித் திணறியதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

ஷீட்டெல்லாம் கரி பிடித்துவிட்டது. மாமா ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பின்ன சொல்லியனுப்புதோம்," என்றார். அந்த வார்த்தைக்கு எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான்: வேண்டாம். காரில் திரும்பும்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது; புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுவாரம் சம்மதம் வந்தது. "அந்தப் பயலயா கெட்டப் போற?" என்ற அப்பாவிடம் ஜெபா சொன்னாளாம்: "புகையக் கழிச்சிப் பாருங்க அப்பா. ஆளு கொள்ளாம்." (எங்கள் ஊரில் 'கொள்ளாம்' என்றால் 'நல்லாத்தான் இருக்கு'.)

அன்றிலிருந்து நான் எதைச் சொதப்பினாலும் அந்த வீட்டில் இதே பேச்சுதான். போன கிறிஸ்துமஸுக்கு மாமாவின் காரைத் தென்னைமரத்தில் இடித்துவிட்டேன். அவர் நசுங்கிய பம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடி நின்ற சொந்தக்காரர்களிடம் சொன்னார்: "கொஞ்சம் புகையக் கழிச்சிக்கிடுங்க மக்கா."

ஜெபா உள்ளேயிருந்து சொன்னாள்: "கழிச்சிக் கழிச்சி இப்பம் ஆளே மிச்சமில்ல அப்பா."