ஆறு எழுத்துக்கு ஒரு தோட்டம்

என் மனைவி கண்ணாத்தாள் எனக்குச் செய்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் அநீதி. கள்ளுக்கடை மறியல் முடிந்து, கழுத்து நிறைய மாலையோடு வீட்டுக்கு வந்தேன். மாலையை வாங்கினாள். நேராகக் குப்பைக்குழியில் போட்டாள். "சாமந்தி சீக்கிரம் மக்குமுங்க" என்றாள்.

இரண்டாவது. ஆறு மாதச் சிறைவாசம் முடித்துத் திரும்பினேன். "உள்ள என்ன வேலைங்க குடுத்தாங்க?" என்று கேட்டாள். உருகிப் போய், "தோட்ட வேலை" என்றேன். "அப்பக் கை பழகியிருக்கும்" என்று மண்வெட்டியை நீட்டினாள். என்னோடு ஊர்வலமாக வந்தவர்கள் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

மூன்றாவது. 'பெயர் சொல்லி அழை' என்று ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி அச்சிட்டேன். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது என்ற அடிமை வழக்கத்தை அதில் கிழித்திருந்தேன். வேலூர்ச் சந்தையில் கொடுத்தது போக ஒரு கட்டு மிஞ்சியது. அதைக் கூம்பு கூம்பாகச் சுருட்டி, கத்தரி நாற்றுக்கெல்லாம் குல்லாய் போட்டுவிட்டாள். அந்தப் பங்குனி வெயிலில் என் கொள்கையால் பயன் பெற்றது கத்தரி நாற்று மட்டும்தான்.

நான்காவது அநீதி இந்த வருஷம் நடந்தது.

எங்கள் சமத்துவ சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு யார் தலைமை என்று கமிட்டியில் பேச்சு வந்தது. இந்தச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து மேடைக்கு நாற்காலி சுமந்து போட்டவன் நான். ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை. செயலாளர் பச்சமுத்துவோ, நான் சிறையில் களி தின்ற நாளில் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படித்தவன். அவனுக்கு நாற்காலி மேல் கண். அவனை மடக்க நானே ஒரு தீர்மானம் கொண்டு வந்தேன். "நமது பிரசுரத்தின் கொள்கையைத் தம் வீட்டில் நடத்திக் காட்டிய ஒருவரே தலைமை வகிக்கத் தகுதியுடையவர்." அவன் பெண்டாட்டி அவனை 'இந்தாங்க' என்றுதான் கூப்பிடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

தீர்மானம் நிறைவேறியது. பச்சமுத்து சிரித்தான். "அண்ணே, உங்கூட்டுல எப்படிங்க?" என்றான்.

"பங்குனிக் கடைசி வெள்ளிக்கு வா. நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கண்ணாத்தாள் அடுப்புச் சாம்பலைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாத்தா, இனிமே நீ என்னப் பேர் சொல்லிக் கூப்பிடோணும்."

"எதுக்குங்க?"

"சமத்துவத்துக்கு."

"இத்தன நாளா எப்படிக் கூப்பிட்டேன்?"

"ஏனுங்கன்னு."

"கூப்பிட்டா நீங்க வந்தீங்கல்ல?"

"வந்தேன்."

"அப்புறம் பேரு எதுக்குங்க?"

பிரசுரத்தை ஒரு தரம் புரட்டிப் பார்த்து மூடினேன். தீர்மானத்தைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். மரியாதை என்று நினைத்து நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

"நாக்கு வராதுங்களே" என்றாள். "கோயில்ல அர்ச்சனைக்குப் பேரு கேட்டாக்கூட, திருச்செங்கோட்டு மலைச்சாமி பேருன்னுதான் சொல்லிட்டு வாரேன். அப்படி வளந்த நாக்கு. அதைத் திருப்போணும்னா மனசுல தெம்பு வேணும். பொடக்காளி காஞ்சு வெடிச்சுக் கெடக்குது. அதைப் பாக்கறப்ப எங்கிருந்துங்க தெம்பு வரும்?"

பொடக்காளி என்றால் எங்கள் வீட்டுப் பின்புறம். மாசி போய்ப் பங்குனி பிறந்தால் அங்கே கொத்த வேண்டும், எரு போட வேண்டும், விதை ஊன்ற வேண்டும். இந்த வருஷம் மண்வெட்டியைத் தொடுவதில்லை என்று நான் பொங்கலன்றே சபதம் செய்திருந்தேன்.

சபதத்தை ஒத்தி வைத்தேன். மூலைக்கு மூலை கொத்திப் போட்டேன். உள்ளங்கை கொப்புளித்தது. பிரிட்டிஷ் சர்க்காரின் சிறையில்கூடக் கொப்புளித்ததில்லை.

"நாக்கு பழகுதா?" என்று கேட்டேன்.

வாயைக் கோணி, கண்ணை மூடி, "அ" என்றாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதானுங்க வந்துச்சு. எருவு போட்டீங்கன்னா அடுத்தது வரும்."

குப்பைக்குழியை வெட்டி, கூடை கூடையாகத் தலையில் சுமந்தேன். அடியில் என் மாலையின் நார் கிடந்தது. "ர்" வந்தது. பாத்தி கட்டி வரப்பு பிடித்தேன். "த்" வந்தது. பீர்க்கங்காய்க்குக் குழி எடுத்து, விதை ஊன்றி, மூங்கில் நட்டுப் பந்தல் போட்டேன். வழுக்கி விழுந்தேன். "த" வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் செங்கோடன். முறைக்கு எனக்கு மாப்பிள்ளை. வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகிற வழியில் தினமும் அங்கே நிற்பான்.

"இன்னைக்கு எந்த எழுத்துங்க மாமா?"

"போற வேலையைப் பாரு மாப்ள."

"உங்களுக்குப் பேரு நீளமாப் போச்சுங்க. வீரன்னு வெச்சிருந்தா பாத்தியோட முடிஞ்சிருக்கும்."

"இது கொள்கைப் போராட்டம்."

"ஆமாங்க. கொள்கைல எருவு நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது."

'நா' வருவதற்கு முருங்கைக் கிளையைப் போத்தாக வெட்டி நட்டு, அதன் தலையில் சாணி அப்ப வேண்டியிருந்தது. அவரைச் செடிக்குச் சாம்பல் தூவியதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கேட்டதற்கு, "அது வாய் கொப்புளிக்கறதுக்குச் சரியாப் போச்சுங்க" என்றாள். 'ரி'யை வெள்ளிக்கிழமை நாலு பேர் முன்னால் சேர்த்துச் சொல்வதாக ஒப்பந்தம். அதுவரை காலை மாலை கிணற்றில் சேந்திக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

முளை விட்டது. பீர்க்கங்கொடி பந்தக்காலைத் தொட்டது. வெள்ளிக்கிழமையும் வந்தது.

பச்சமுத்து கமிட்டியில் இரண்டு பேரைக் கூட்டி வந்தான். நாலாவது சாட்சியாக, கூப்பிடாமலே செங்கோடன் வேலி தாண்டி வந்தான். நான் வெளுத்த கதர்ச் சட்டை போட்டிருந்தேன். பேச வேண்டிய தலைமையுரையின் முதல் வாக்கியம்கூட மனப்பாடம்.

கண்ணாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து பந்தலடியில் நின்றாள்.

"பேரு மட்டும் சொன்னாப் போதுங்களா? பின்னால 'ங்க' போடோணுமா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

சாட்சிகள் இருந்ததால் மேடைத் தமிழிலேயே பதில் சொன்னேன். "'ங்க' என்பது அடிமைத்தனத்தின் வால். வெட்டி எறி."

வெட்டி எறிந்தாள்.

"அர்த்தநாரி, பீர்க்கங்கொடி வாடுது. தண்ணி ஊத்து."

குடம் என் இடுப்பில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. கிணற்றுப் பக்கம் பாதி வழி போன பிறகுதான் நின்றேன்.

பச்சமுத்து கை தட்டினான். கமிட்டிக்காரர்களும் தட்டினார்கள். செங்கோடன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான்.

"அம்மா, பெரிய காரியம் பண்ணிட்டீங்க" என்றான் பச்சமுத்து.

"ஏனுங்க செயலாளரே, கொள்கைய ஊட்டுல நடத்திக் காட்டுன ஒருத்தருக்குத்தானுங்க தலைமை?"

"ஆமாங்கம்மா. அண்ணன் கொண்டாந்த தீர்மானம்."

"அதுல ஆம்பளைக்குன்னு எழுதியிருக்குதுங்களா?"

பச்சமுத்து யோசித்தான். "இல்லீங்க."

"எனக்கும் ரெண்டு தரம் படிச்சுக் காட்டுனாருங்க. அப்படி ஒண்ணும் இல்லைதான். பேரு சொன்னது நானு. அவரு என்னங்க பண்ணுனாரு? நின்னு கேட்டாரு."

"நான் கொத்தினேன்" என்றேன். "எரு சுமந்தேன். பந்தல் போட்டேன்."

"அது தோட்டத்துக்குங்களே" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாத்தாளும் பார்த்தாள். பெண்ணுக்குச் சம உரிமை என்று பக்கம் பக்கமாக எழுதியவன் வாயைத் திறந்து 'கூடாது' என்று எப்படிச் சொல்வது? நான்கு சாட்சிகள் வேறு. இடுப்பில் குடத்தோடு, சரி என்று தலையை ஆட்டினேன்.

பச்சமுத்து பென்சிலை எடுத்தான். நாற்காலி தனக்குக் கிடைக்காவிட்டாலும் எனக்குக் கிடைக்கவில்லை என்ற சந்தோஷம் அவன் முகத்தில் வழிந்தது.

"அண்ணனுக்கும் ஏதாச்சும் ஒரு பொறுப்புப் போடோணுங்களே" என்றான் கமிட்டிக்காரர்களில் ஒருவன். நியாயவான்.

கண்ணாத்தாள் கொஞ்சம் யோசிப்பது போல் நின்றாள். "மாநாடு நடக்கற சந்தைப்பேட்டைல சித்திரைப் புழுதி பறக்குமுங்க. இவருக்குக் குடம் தூக்கிக் கை நல்லாப் பழகிப் போச்சு" என்றாள்.

பச்சமுத்து எழுதி முடித்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நான்கு பேருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தான்.

"தலைமை: கண்ணாத்தாள் அம்மையார். வரவேற்பு: பச்சமுத்து. புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்தல்: அர்த்தநாரி."